வீட்டு ஈரப்பதமானியை உப்பு வைத்துச் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவரில் மாட்டிய சின்ன மீட்டர் 68 சதவீதம் என்று காட்டுகிறது. அந்த எண்ணை நம்பித்தான் ஏசியை ட்ரை மோடில் போடுகிறோம், கேமரா பெட்டியில் சிலிக்கா ஜெல் மாற்றுகிறோம், அடைகாக்கும் பெட்டியில் தண்ணீர் ஊற்றுகிறோம். எண் சரியா என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. சமையலறை உப்பும் மூடி இறுக்கமான ஒரு டப்பாவும் போதும். ஈரப்பதமானி வைத்திருப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக வாங்கியதுதானே, அதை ஏன் சோதிக்க வேண்டும்?

ஒரே மாடலில் இரண்டு வாங்கி அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று 61 என்றும் இன்னொன்று 68 என்றும் காட்டலாம். இரண்டுமே பழுதில்லாத மீட்டர்கள்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எச்டிசி-1 போன்றவற்றில் பிழை 5 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று விவரத் தாளிலேயே போட்டிருப்பார்கள். உண்மையில் 65 இருக்கும்போது 60 முதல் 70 வரை எதைக் காட்டினாலும் அது அவர்கள் சொன்ன எல்லைக்குள்தான்.

திரையில் எண் ஒவ்வொன்றாக ஏறி இறங்குவதைப் பார்த்து அவ்வளவு துல்லியம் என்று நாம் நினைத்துவிடுகிறோம். எண்ணைப் பொடிப்பொடியாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு. ஆனால் ஒரு நல்ல செய்தி: ஒரு குறிப்பிட்ட மலிவான மீட்டர் பெரும்பாலும் எப்போதும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவு தப்பாகக் காட்டும். அந்த அளவைக் கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டால், சில நூறு ரூபாய் மீட்டரும் வீட்டுத் தேவைக்கு நம்பகமாகிவிடும். இந்தச் சோதனையின் நோக்கமே அதுதான்.

75 சதவீதம் என்றால் காற்றில் முக்கால் பங்கு தண்ணீரா?

இல்லை. மீட்டர் காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ, அதில் எத்தனை சதவீதம் இப்போது இருக்கிறது என்பதுதான் கணக்கு. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். அதில் 23 கிராம் இருந்தால் ஏறக்குறைய 75 சதவீதம். அதே காற்றை 25 டிகிரிக்குக் குளிர வைத்தால், அங்கே உச்ச அளவே 23 கிராம்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காமலேயே ஈரப்பதம் 100-ஐத் தொட்டுவிடும். ஏசி ஓடும் அறையின் ஜன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வேர்ப்பது இதனால்தான்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. சோதனையில் வரும் தப்புகளில் பெரும்பாலானவை வெப்பநிலையால் வருபவை. 30 டிகிரியில் 75 சதவீதம் ஈரப்பதம் உள்ள காற்றில், மீட்டர் மட்டும் ஒரே ஒரு டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் சுமார் 4 சதவீதம் குறைத்துக் காட்டும். கையில் பிடித்துக்கொண்டு பார்த்தாலே அவ்வளவு சூடு ஏறிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்கள் தானாகவே புரியும்.

உப்புக்கும் காற்றின் ஈரப்பதத்துக்கும் என்ன சம்பந்தம்?

மழை நாளில் உப்பு ஜாடியில் நீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே போனால் கரைசலிலிருந்து நீர் ஆவியாகி உப்பு மறுபடி படிகமாகும்.

இப்போது, கரையாத உப்பும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்த ஈர உப்பை ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். உள்ளே இருக்கும் காற்று 75-க்கு மேல் ஈரமாக இருந்தால் உப்பு அந்த ஈரத்தை எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே காய்ந்திருந்தால் தன்னிடமுள்ள நீரைக் கொடுக்கும். இரண்டு பக்கமும் சமமாகும் இடம் 75. டப்பா எதுவாக இருந்தாலும், நீங்கள் சென்னையில் இருந்தாலும் ஊட்டியில் இருந்தாலும் அதே 75தான்.

இந்த எண் எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஓர் ஆதாரம்: அமெரிக்காவின் தேசிய தரநிலைக் கழகத்தில் லூயிஸ் கிரீன்ஸ்பான் 1977-இல் பல உப்புகளுக்கான மதிப்புகளைத் தொகுத்து அட்டவணை போட்டார். அதன்படி சாதாரண உப்பு 20 டிகிரியில் 75.5, 25-இல் 75.3, 30-இல் 75.1, 35-இல் 74.9. நம் ஊரில் கோடைக்கும் மார்கழிக்கும் இடையே எந்த நாளில் செய்தாலும் ஒரு சதவீதம்கூட நகராது. வீட்டில் கிடைக்கும் பொருளை வைத்து இவ்வளவு நிலையான அளவுகோல் வேறு எதிலும் கிடைக்காது.

சரி, எப்படிச் செய்வது?

மீட்டரும் ஒரு சட்னிக் கிண்ணமும் உள்ளே அடங்கும் அளவில், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்தே எண்ணைப் படிக்க முடிந்தால் நல்லது. ரப்பர் வளையம் வைத்த கண்ணாடி டப்பா இன்னும் நல்லது. தேவைக்கு மேல் பெரிய டப்பா வேண்டாம், சமநிலைக்கு வர நேரமாகும். ஜிப் வைத்த கனமான பிளாஸ்டிக் பையும் வேலை செய்யும், ஆனால் அது உப்பின் மேல் கவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கிண்ணத்தில் நான்கு தேக்கரண்டி உப்பு போட்டு, ஒன்றரைத் தேக்கரண்டி தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். ஈர மணல் பதம் வர வேண்டும். கிண்ணத்தை டப்பாவில் வைத்து, பக்கத்தில் மீட்டரை நிறுத்துங்கள். உப்பும் உப்புத் தண்ணீரும் மீட்டரில் படவே கூடாது, முக்கியமாக அதன் காற்றுத் துளைகளில். பட்டால் சென்சார் போய்விடும்.

மூடுவதற்கு முன் புது பேட்டரி போட்டுவிடுங்கள். பேட்டரி பலவீனமாக இருந்தால் சில மீட்டர்கள் ஏடாகூடமாகக் காட்டும். துணி, அட்டை, டிஷ்யூ எதையும் உள்ளே வைக்காதீர்கள். அவையும் ஈரத்தை இழுத்து விடும் பொருட்கள், காத்திருப்பு நீளும்.

எந்த உப்பு? கல் உப்பு நல்லதா, பாக்கெட் தூள் உப்பா?

பாக்கெட் தூள் உப்பு. சமையலுக்குக் கல் உப்பு வாங்குபவர்கள்கூட இதற்குத் தூள் உப்பையே எடுக்க வேண்டும்.

உப்பளத்தில் கடல் நீர் வற்றி உப்பு விளைந்த பிறகு பாத்தியில் ஒரு கசப்பு நீர் மிஞ்சும். அதில் மெக்னீசியம் குளோரைடு நிறைய இருக்கும். சுத்திகரிக்காத கல் உப்பில் அந்த நீரின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். வெளியே பெரிய ஈரமில்லாத நாளிலும் கல் உப்பு ஜாடி பிசுபிசுப்பதற்கு இதுதான் காரணம். அப்படிப்பட்ட உப்பை வைத்துச் சோதித்தால் டப்பாவுக்குள் 75 வராது, அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும். நல்ல மீட்டரைத் தப்பாக எடை போட்டுவிடுவோம்.

பாக்கெட் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் மிகக் கொஞ்சமே. அவற்றால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வராது. ரத்த அழுத்தக்காரர்களுக்கென்று விற்கும் சோடியம் குறைந்த உப்பு மட்டும் வேண்டாம். அதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கிறது, இரண்டு உப்பு சேர்ந்தால் எண்ணும் மாறும். இந்துப்பும் இதற்கு வேண்டாம்.

தண்ணீர் கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

உப்பைக் கூட்டுங்கள். மேலே தண்ணீர் நிற்காமல், கரையாத உப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். எல்லாம் கரைந்துவிட்டால் அது வெறும் உப்புத் தண்ணீர். டப்பாவுக்குள் ஈரப்பதம் 75-க்கு மேலே போய்விடும்.

எத்தனை மணி நேரம் வைக்க வேண்டும்?

டிஜிட்டல் மீட்டரானால் ஓர் இரவு முழுக்க, அதாவது எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். முள் நகரும் வட்டமான மீட்டரானால் ஒரு முழு நாள் கொடுங்கள். கடிகாரத்தைவிட மீட்டரையே கவனிப்பது நல்லது. இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் எண் மாறவில்லை என்றால் சமநிலை வந்துவிட்டது.

நடுவில் திறந்து பார்க்காதீர்கள். திறந்தால் மறுபடி முதலிலிருந்துதான்.

டப்பாவை எங்கே வைப்பது?

நாள் முழுக்க வெப்பம் அதிகம் மாறாத இடத்தில். ஏசி இல்லாத உள் அறை, புத்தக அலமாரியின் நடுத் தட்டு, துணி அலமாரி எல்லாம் சரி. ஃப்ரிட்ஜின் மேல், டிவி அல்லது வைஃபை பெட்டியின் பக்கத்தில், வெயில் படும் ஜன்னலோரம் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. ஏசி அறை ஏன் வேண்டாம் என்றால், கம்ப்ரஸர் ஓடி நிற்கும்போதெல்லாம் அறை வெப்பம் ஓரிரண்டு டிகிரி ஏறி இறங்கும். உப்பு, காற்று, மீட்டர் மூன்றும் வெவ்வேறு வேகத்தில் சூடாகிக் குளிரும். முன்னே சொன்ன அந்த 4 சதவீதக் கணக்கு இங்கேதான் வந்து மாட்டும். டப்பாவை வெளிப்பக்கமாக ஒரு கனமான துண்டால் சுற்றி வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் குறையும்.

மழை கொட்டும் நாளில், வெளியே 90 சதவீதம் இருக்கும்போது செய்யலாமா?

தாராளமாக. உப்பு, டப்பாவுக்குள் இருக்கும் அதிகப்படி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தண்ணீரை மட்டும் வழக்கத்தைவிடக் குறைத்து விடுங்கள்.

காலையில் பார்த்தால் 70 காட்டுகிறது. இப்போது என்ன செய்வது?

இருக்க வேண்டியது 75, காட்டுவது 70. உங்கள் மீட்டர் 5 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. இனி அது எதைக் காட்டினாலும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஸ்டிக்கரில் "+5" என்றும் தேதியையும் எழுதி மீட்டரின் பின்னால் ஒட்டிவிடுங்கள். மிகச் சாதாரணமான வேலைதான், ஆனால் எழுதி ஒட்டாமல் விட்டால் இரண்டு மாதம் கழித்துக் கூட்ட வேண்டுமா கழிக்க வேண்டுமா என்ற குழப்பம் வந்துவிடும்.

முள் மீட்டராக இருந்தால் பின்பக்கம் ஒரு சின்னத் திருகோ துளையோ இருக்கும். டப்பாவிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்துக்குள், மூச்சுக்காற்று படாமல், சின்ன ஸ்க்ரூ டிரைவரால் முள்ளை 75-க்குத் திருப்புங்கள். புளூடூத்தில் இயங்கும் சில மீட்டர்களின் ஆப்பில் இந்த வித்தியாசத்தைப் பதியும் வசதி உண்டு. பதிந்துவிட்டால் திரையிலேயே திருத்திய எண் வரும். எச்டிசி-1 போன்றவற்றில் அந்த வசதி இல்லை, ஸ்டிக்கர்தான் வழி.

வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். வீட்டில் செய்யும் சோதனையின் துல்லியமே அவ்வளவுதான்.

75-இல் மட்டும் பார்த்தால் போதுமா?

உங்களுக்கு எந்த அளவு முக்கியம் என்பதைப் பொறுத்தது. நம் கடலோர ஊர்களில் வீட்டுக்குள் பெரும்பாலும் 60-க்கும் 85-க்கும் நடுவில்தான் இருக்கிறோம். அதற்கு 75 மிக வசதியான புள்ளி. ஆனால் கேமரா லென்ஸ் வைக்கும் பெட்டியில் 40 முதல் 50 வரை இருக்க வேண்டும் என்று பார்த்தால், 75-இல் கண்ட வித்தியாசம் அங்கேயும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

அப்போது இரண்டாவது புள்ளி வேண்டும். ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் மெக்னீசியம் குளோரைடு வாங்கி, இதே போல ஈர மணல் பதத்தில் வைத்தால் டப்பாவுக்குள் 33 வரும். 20 டிகிரியில் 33.1, 30-இல் 32.4, இதுவும் நிலையான எண்தான். இது சீக்கிரம் நீர் இழுக்கும் என்பதால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும்.

பிறகு ஒரு சின்னக் கணக்கு. மீட்டர் 75-இல் 70 என்றும் 33-இல் 36 என்றும் காட்டியதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் 42 ஏறியிருக்கிறது, மீட்டர் 34தான் ஏறியது. 42-ஐ 34-ஆல் வகுத்தால் 1.235. இனி மீட்டர் 55 காட்டினால், 55-லிருந்து 36-ஐக் கழித்து வரும் 19-ஐ 1.235-ஆல் பெருக்கி 33-ஐக் கூட்டுங்கள். சுமார் 56.5 வரும். ஒரே புள்ளியை நம்பி 5 கூட்டியிருந்தால் 60 என்று நினைத்திருப்போம். லென்ஸ் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

மெக்னீசியம் குளோரைடு கிடைக்கவில்லை. அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் பயன்படுத்தலாமா?

அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. ஈரம் இழுக்க அருமையான பொருள், அளவுகோலாக வைக்க ஆகாது. அதன் எண் வெப்பநிலையோடு வேகமாக மாறும். 30 டிகிரியை ஒட்டி அதன் படிக வடிவமே மாறிவிடும், நம் ஊர் அறை வெப்பமும் சரியாக அங்கேதான் இருக்கிறது.

சிலிக்கா ஜெல்லும் எண் சொல்லாது. ஆனால் நன்றாக உலர்த்திய சிலிக்கா ஜெல்லோடு மூடி ஒரு நாள் வைத்தும் மீட்டர் 40-க்குக் கீழே இறங்கவில்லை என்றால், சென்சார் உயிரோடு இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

மீட்டரை ஈரத் துணியில் சுற்றி வைத்து 100 காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்கிறார்களே?

டிஜிட்டல் மீட்டருக்கு இதைச் செய்யாதீர்கள். உள்ளே நீர் கோத்தால் சென்சாரும் சர்க்யூட்டும் கெடும். தவிர, அந்த உச்ச எல்லையில் மலிவான சென்சார்கள் தடுமாறும்.

இந்த முறை தலைமுடி ஈரப்பதமானியிலிருந்து வந்தது. ஜெனீவாவைச் சேர்ந்த ஹொரேஸ் பெனடிக்ட் டி சோஸ்யூர் 1783-இல் தலைமுடியை வைத்து ஈரப்பதம் அளக்கும் கருவியைப் பற்றி விரிவாக எழுதினார். எண்ணெய்ப் பசை நீக்கிய மனித முடி, முழு வறட்சியிலிருந்து முழு ஈரம் வரை போகும்போது ஏறக்குறைய இரண்டு முதல் இரண்டரை சதவீதம் நீளும். அந்த நீட்சி முள்ளை நகர்த்தும். நெடுநாள் வறண்ட காற்றில் இருந்தால் முடி மந்தமாகிவிடும், ஈரத் துணியில் கொஞ்ச நேரம் சுற்றினால் மறுபடி விறுவிறுப்பாகும். உண்மையான முடி வைத்த மீட்டருக்கு இது நல்ல பராமரிப்பு. இன்று கடையில் கிடைக்கும் பல மலிவான முள் மீட்டர்களில் முடி கிடையாது, பூச்சு தடவிய ஒரு சுருள் பட்டைதான் இருக்கும். அதற்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

உப்பைத் தவிர வேறு வழியில் ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். எவர்சில்வர் டம்ளரும் ஐஸும் வைத்துச் செய்யும் ஒரு முறை எனக்கு மிகவும் பிடித்தது. 1820-இல் ஜான் ஃப்ரெடரிக் டேனியல் செய்த பனிநிலை ஈரப்பதமானியின் அடிப்படையும் இதேதான்: ஒரு பரப்பைக் குளிர வைத்துக்கொண்டே போனால், எந்த வெப்பநிலையில் அதன் மேல் முதல் பனித்திரை படிகிறதோ, அதுதான் அந்தக் காற்றின் பனிநிலை.

பளபளப்பான டம்ளரில் அறை வெப்பத் தண்ணீரைப் பாதி நிரப்புங்கள். வெப்பமானியை உள்ளே வைத்து, ஐஸைச் சின்னத் துண்டுகளாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். டம்ளரின் வெளிப்புறம் மங்கத் தொடங்கும் கணத்தில் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐஸ் போடுவதை நிறுத்தி, அந்த மங்கல் மறையும்போது எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது பனிநிலை. உங்கள் மூச்சு டம்ளரில் படக் கூடாது, முகத்தை விலக்கியே வைத்துப் பாருங்கள்.

அறை 30 டிகிரியில் இருக்கும்போது பனிநிலை 20 என்றால் ஈரப்பதம் 55 சதவீதம். 22 என்றால் 62, 24 என்றால் 70, 26 என்றால் 79. ஒரு டிகிரி தப்பாகப் படித்தால் மூன்று, நான்கு சதவீதம் விலகும் என்பதால் இதை வைத்து மீட்டரைத் திருத்த வேண்டாம். உப்புச் சோதனையின் முடிவு சரிதானா என்று உறுதி செய்துகொள்ள இது போதும்.

இரண்டு வெப்பமானிகளை வைத்துச் செய்வதும் இதுதானா?

அது ஈரக்குமிழ், உலர்குமிழ் முறை. ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானிகளை எடுத்து, இரண்டும் ஒரே எண் காட்டுகின்றனவா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒன்றின் குமிழை வாலை வடிநீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணியால் சுற்றி, இரண்டையும் மின்விசிறிக் காற்றுக்கு நேராகப் பிடியுங்கள். நீர் ஆவியாவதால் ஈரக்குமிழ் இறங்கி ஓர் இடத்தில் நிற்கும்.

உலர்குமிழ் 30-இல் இருக்கும்போது ஈரக்குமிழ் 27 என்றால் ஈரப்பதம் 79, 26 என்றால் 73, 25 என்றால் 67, 24 என்றால் 61, 22 என்றால் 50. டேபிள் ஃபேனைப் பக்கத்தில் வைத்து வேகமான காற்று கொடுக்க வேண்டும். காற்று போதவில்லை என்றால் ஈரக்குமிழ் முழுதாக இறங்காது, ஈரப்பதத்தை அதிகமாகக் கணக்கிட்டுவிடுவோம்.

கைபேசியில் வானிலை ஆப் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டால் போதாதா?

போதாது. சென்னையை எடுத்துக்கொண்டால், வானிலை ஆய்வு மையம் நுங்கம்பாக்கத்திலும் மீனம்பாக்கத்திலும் எடுத்த அளவுகளைக் காலை 8.30, மாலை 5.30 என்று நேரம் போட்டு வெளியிடுகிறது. இந்த இரண்டு இடங்களுக்கு இடையிலேயே எண் வேறுபடுவதைப் பார்க்கலாம். அவை வெளிக்காற்றின் அளவுகள். உங்கள் மீட்டர் இருப்பது சமையல், குளியல், ஏசி எல்லாம் நடக்கும் வீட்டுக்குள். வெப்பநிலை வேறு, எனவே ஒப்பு ஈரப்பதமும் வேறு. ஆப் காட்டும் எண் பல நேரங்களில் கணினி மாதிரியிலிருந்து கணித்த மதிப்பாகவும் இருக்கும்.

ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் போர்டு) வைத்து நானே செய்த கருவி. அதற்கும் இதே சோதனையா?

இதேதான், இன்னும் சுலபமாக, ஏனென்றால் திருத்தத்தை நிரலிலேயே எழுதிவிடலாம். டிஎச்டி11 சென்சாரின் பிழை 5 சதவீதம் வரை இருக்கலாம், டிஎச்டி22-க்கும் எஸ்எச்டி31-க்கும் வழக்கமாக 2 சதவீதம். சென்சாரைப் போர்டிலிருந்து ஒயர் போட்டுத் தள்ளி வையுங்கள். போர்டின் சூடு சென்சாருக்கு வந்தால் ஈரப்பதம் குறைந்தே காட்டும்.

அடைகாக்கும் பெட்டிக்கும் காளான் குடிலுக்கும் வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

கோழி முட்டைக்கு 37.5 டிகிரியில் முதல் 18 நாள் ஏறக்குறைய 55 சதவீதமும், கடைசி மூன்று நாள் 65 முதல் 75 வரையும் வைப்பது வழக்கம். மீட்டர் 10 சதவீதம் தப்பாக இருந்தால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு சாகக்கூடும். ஓர் உயிர் அந்த எண்ணை நம்பி இருக்கிறது என்பதால் இங்கே சோதனையை விடவே கூடாது. முட்டை வைப்பதற்கு முன், காலியான பெட்டியை 37.5-இல் ஓடவிட்டு, உப்பும் மீட்டரும் வைத்து மூடிய டப்பாவை அதற்குள்ளேயே ஒரு நாள் வையுங்கள். அந்தச் சூட்டிலும் உப்பின் எண் 75-ஐ ஒட்டியே இருக்கும். மீட்டர் வேலை செய்யப்போகும் அதே வெப்பத்தில் சோதித்ததாகிவிடும்.

சிப்பிக் காளானுக்கு 80 முதல் 90 வரை தேவை. அங்கே 75-ஐவிட பொட்டாசியம் குளோரைடு பொருத்தம், அது 25 டிகிரியில் 84 தரும். உரக்கடைப் பொட்டாஷ் சுத்தமாக இருக்காது, ஆய்வகத் தரத்தில் வாங்க வேண்டும். இன்னொன்று: 80-க்கு மேல் நாள்கணக்கில் இருக்கும் டிஜிட்டல் சென்சார்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் காட்டத் தொடங்கும். மூன்று சதவீதம் வரை ஏறுவது சாதாரணம். காய்ந்த அறையில் சில நாள் வைத்தால் மெதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பும். எனவே குடிலுக்கு இரண்டு மீட்டர் வாங்கி மாற்றி மாற்றி வைப்பது நல்லது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்? எதனால் கெட்டுப்போகிறது?

வீட்டு உபயோகத்துக்கு வருடம் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன் புரட்டாசி வாக்கில் செய்துவிட்டால் தேவைப்படும் மாதங்களில் நம்பலாம். அடைகாப்பவர்கள் ஒவ்வொரு முறை முட்டை வைப்பதற்கு முன்பும் பார்க்கட்டும்.

நல்ல டிஜிட்டல் சென்சார்களில் நீரை உறிஞ்சும் ஒரு மெல்லிய பாலிமர் படலம் இருக்கிறது. நீரோடு மற்ற ஆவிகளும் அதற்குள் புகுந்துவிடும். பெயின்ட், தின்னர், நகப்பூச்சு, பசை, ஸ்பிரிட், தரை துடைக்கும் திரவம் எல்லாம் எதிரிகள். பூஜை அலமாரிக்குள் சாம்பிராணி, கற்பூரப் புகை படும்படியும், அடுப்புக்கு மேல் எண்ணெய்ப் புகை படும்படியும் மாட்ட வேண்டாம். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது மீட்டரைக் கழற்றி வேறு வீட்டில் கொடுத்து வைத்தால்கூடத் தகும்.

சான்றிதழ் வேண்டுமென்றால்?

மருந்துக் கிடங்கு, ஆய்வகம், ஏற்றுமதிக் கிடங்கு நடத்துபவர்களுக்கு உப்புச் சோதனை போதாது. என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வீட்டுக்கு அது தேவையே இல்லை, கட்டணம் மீட்டரின் விலையைத் தாண்டிவிடும்.

எப்போது "இது போதும், வேறு வாங்கலாம்" என்று முடிவெடுப்பது?

வித்தியாசம் பெரிதாக இருப்பது மட்டும் காரணம் ஆகாது. எப்போதும் 8 குறைத்துக் காட்டும் மீட்டர் நல்ல மீட்டர், 8 கூட்டிக்கொண்டு பயன்படுத்தலாம். ஒரே சோதனையை அடுத்தடுத்து இரண்டு முறை செய்து, ஒருமுறை 71 என்றும் மறுமுறை 78 என்றும் வந்தால்தான் சிக்கல். டப்பா, உப்பு, வைத்த இடம் மூன்றையும் சரிபார்த்து மூன்றாம் முறை செய்து பாருங்கள். அப்போதும் எண் ஓரிடத்தில் நிற்கவில்லை என்றால் அதைத் திருத்த வழியில்லை, மாற்றிவிடுங்கள். புது பேட்டரி போட்டும் நாள் முழுக்க 99-இலோ 10-இலோ உறைந்து நிற்பதற்கும் இதே முடிவுதான்.

புதிது வாங்கினால், பழையதை எடுத்துப் போடுவதற்கு முன் புதியதை உப்பு டப்பாவுக்குள் ஓர் இரவு வைத்துவிடுங்கள். கடையில் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அதன் பிழை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.